வைரவர் வாகனத்துக்கு ஒரு வாகனம்

யாழ்ப்பாணத்திலே நாயை "வைரவர் வாகனம்" என்று பாதி பக்தியோடும் பாதி பரிகாசத்தோடும் சொல்வது வழக்கம். பெயர் பெரிதாயினும் அதற்குரிய இடம் படலைக்கு உள்ளே, வாசற்படிக்கு வெளியே. அந்த வாகனம் ஏறிச் செல்வதற்கென்று இன்னொரு வாகனத்தைத் தேடி, வெண்பனி கொட்டும் தேசத்திலே பத்து நாட்கள் அலைவோம் என்று நாம் கனவிலும் எண்ணியதில்லை. 2024ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், கனடாவில், அது நிகழ்ந்தது.

எமது தமக்கையார் ஒன்ராறியோ மாகாணத்தில் பாரி என்னும் நகரில் வசிக்கிறார். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரம். விமான நிலையத்திலிருந்து எம்மை அழைத்துச் சென்ற மருமகன் 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் காரைச் செலுத்தினான். நகரத்துப் பண்டகசாலைகள் மறைந்த சிறிது நேரத்தில் சாலையின் இரு மருங்கிலும் தாழ்ந்த சமநிலம் ஒன்று விரிந்தது. ஹொலன்ட் சதுப்பு என்று அதற்குப் பெயர். நீரை வடியவிட்டுப் பண்படுத்திய கரிய மண்ணிலே கரட்டும் வெங்காயமும் விளைகின்றனவாம். வெங்காயம் என்றதும் எமக்கு உரும்பிராய்த் தோட்டங்கள் நினைவில் எழுந்தன. ஆனால் நாம் கண்ட வேளையில் அங்கே பாத்தியுமில்லை, பயிருமில்லை. சலவை செய்த வேட்டியை உதறி விரித்தாற்போல எங்கும் வெண்மை.

பாரி என்ற பெயரைக் கேட்டதும் முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலை நினையாத தமிழர் உண்டோ? அந்நகரோ றொபேட் பாரி என்ற பிரித்தானியக் கடற்படைத் தளபதியின் பெயரைத் தாங்கியது. எனினும் தேர் தேடி அலையப் போகும் ஊருக்கு இப்பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

நகரம் சிம்கோ ஏரியின் கெம்பன்பெல்ற் குடாக் கரையில் அமைந்துள்ளது. தை, மாசி மாதங்களில் நீர் நன்கு உறைந்தபின், அதன்மேல் சிறு குடில்களை நிறுத்தி, பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பார்கள். நாம் சென்றபோது குடா இன்னும் கரும்பச்சை நிறமாய் அலையடித்துக்கொண்டிருந்தது.

மாணவர்கள் அறியவேண்டிய ஒன்றை இங்கே சொல்லிவிடுவோம். நம் நாட்டில் விடியற்புறத்தில் புல்லை நனைப்பதையும் பனி என்கிறோம். அங்கே வானிலிருந்து பஞ்சுபோல் விழுந்து முழங்காலளவு குவிவதும் பனியே. இந்த வெண்பனி பாரிப் பகுதியில் மிகுதியாகப் பெய்வதற்கு மேற்கே கிடக்கும் பேரேரியே காரணம். கோடை வெப்பத்தை ஹியூரன் ஏரியும் அதன் ஜோர்ஜியன் குடாவும் மெதுவாகவே இழக்கின்றன. வடமேற்கிலிருந்து வரும் கடுங்குளிர் காற்று அவ்வெதுவெதுப்பான நீரின்மேல் தவழ்ந்து, ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையேறி, அதனைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. இப்பனி ஒடுங்கிய பட்டைகளாகப் பெய்யும். ஓரிடத்தில் வெயில் எறிக்க, பத்து நிமிட ஓட்டத்தில் முன்னே செல்லும் லொறியும் கண்ணுக்குத் தெரியாமற் போகும். 2024 நவம்பர் இறுதியில் பாரிக்கு வடக்கேயுள்ள கிறேவன்ஹேர்ஸ்ற் என்னும் ஊரில் சில நாட்களுக்குள் ஒரு மீற்றருக்கும் மேலாகப் பனி குவிந்து, 11ஆம் இலக்க நெடுஞ்சாலை மூடப்பட்டது.

தமக்கையார் முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப் பணி செய்கிறார். அத்தான் 2021இல் காலமானார். மகன் ரொறன்ரோவில் படிக்கிறான். வீட்டில் அவருக்குத் துணை, ஜிம்மி என்னும் கரிய லப்ரடோர் நாய் ஒன்றே. அத்தான் 2013இல் குட்டியாக ஏந்திவந்த அந்த நாய்க்கு இப்பொழுது பதினொரு வயது. நிறை முப்பத்துநான்கு கிலோ. பின்னங்கால் மூட்டுகள் தளர்ந்து, படியேறும்போது நின்று யோசிக்கிறது. பணிக்குச் செல்லும் இரவுகளில் அதனை இன்னிஸ்பில் கிராமப்புறத்தில் ஒரு தோழி வீட்டில் விட்டு, விடிந்தபின் அழைத்துவருவது அக்காவின் வழக்கம்.

அந்தப் பெருமழிவுக்குச் சில நாட்களின் பின், ஒரு விடியற்காலையில் அவ்வாறு திரும்பும்போது, காற்று வாரிக் குவித்த பனித் திட்டில் அவருடைய பழைய சிறு கார் ஏறி நின்றுவிட்டது. வண்டியின் வயிறு பனிமேல் அமர, சில்லுகள் வெறுமனே சுழன்றன. வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 14 பாகை. தொலைபேசியில் உதவி கேட்டார். வர நேரமாகும் என்றார்கள். புகைக்குழாய் பனியில் புதைந்திருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டால், நிறமும் மணமும் இல்லாத காபன் மொனொக்சைட் நச்சு வாயு காருக்குள் நிறைந்து உயிரைக் குடித்துவிடும். அதனை அறிந்திருந்தமையால் அவர் எஞ்சினை நிறுத்தினார். உள்ளிருந்த வெப்பம் கால் மணி நேரத்தில் அகன்றது. அக்கா பின்னாசனத்துக்கு மாறினார். ஜிம்மி அவர் மடியின் குறுக்கே படுத்துக்கொண்டது. பனி வழிக்கும் லொறி வந்து சேரும்வரை, ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அது அசையவில்லையாம்.

இதனைக் கூறியவர், எம் ஊர் வீட்டில் நாய் விறாந்தையை மிதித்தால் மஞ்சள் தண்ணீர் தெளிக்கும் அம்மாவின் மூத்த மகள் என்பதை வாசகர் நினைவில் வைக்கவேண்டும். அத்தான் இருந்த காலத்தில் ஜிம்மி சமையலறை வாசலில் மூக்கை நீட்டினாலும் அக்கா அகப்பையை ஓங்குவாராம்.

சிறு கார் அதன்பின் திருத்துவதற்கும் தகுதியற்றதாயிற்று. எஸ்.யூ.வி. என்று மூன்றெழுத்தில் வழங்கும் உயர்ந்த கார் ஒன்றைப் பழையதாக வாங்குவதென்று தீர்மானமாயிற்று. கையிலிருந்த பணம் 15,000 டொலர்; அன்றைய மாற்று விலையில் நமது காசில் ஏறத்தாழ முப்பது இலட்சம் ரூபா. அதற்குமேல் ஒரு சதமும் கடன்படுவதில்லை என்றார் அக்கா. நாயைப் பற்றி வேறு யோசனை ஏதும் உண்டோ என்று நாம் மெல்லக் கேட்டோம்.

"தம்பி, அண்டைக்கு அது இல்லாட்டி நான் இல்லை. அது ஏறேலாத கார் எனக்கு என்னத்துக்கு?" என்றார்.

அதன்பின் நாம் அவ்விடயத்தைப் பேசவில்லை.

துணைக்கு அகப்பட்டவர் ஸ்காபரோவில் முப்பது ஆண்டுகளாகக் கராச் நடத்தும் யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர். முதலில் பார்த்த கார் ஏழு பேர் அமரக்கூடியது. வெள்ளி நிறம் பளபளத்தது; விலையோ மிகக் குறைவு. நாம் மகிழ்ந்து, இதையே எடுத்துவிடலாம் என்றோம்.

"மாஸ்ரர், பெயின்ரைப் பார்த்து மயங்கக் கூடாது. கீழ படுத்துப் பாருங்கோ" என்று ஒரு கடதாசி மட்டையைப் பனிமேல் விரித்தார் அன்பர்.

படுத்துப் பார்த்தோம். அவர் திருகாணிச் சாவியால் அடிச்சட்டத்தைத் தட்ட, கறள் அப்பளம்போல் அடுக்கடுக்காக உதிர்ந்தது. ஓரிடத்தில் சாவியின் முனை உள்ளே புகுந்தது. இது உப்பின் வேலை. உப்புச் சேர்ந்த நீர் பூச்சியத்துக்குக் கீழேதான் உறையும் என்பதால், சாலையில் கட்டிபிடியாதிருக்க அங்கே குளிர்காலம் முழுவதும் உப்பைத் தூவுகிறார்கள். குளிர் மிகக் கடுமையாகும்போது அதன் ஆற்றல் குன்றிவிடும். அப்பொழுது மணல் தூவுவார்கள். அந்த உப்புநீர் காரின் அடிவயிற்றில் தெறித்து, பிறேக் குழாய்களையும் சட்டத்தையும் ஆண்டாண்டாகத் தின்கிறது. கடற்காற்றில் தகரப் படலை உக்குவதைக் கண்டவர்கள் நாம். ஆனாலும் மேற்பூச்சிலே மயங்கினோம். விற்பவர் சிறிது கோபத்தோடு, இந்த நாட்டில் எல்லாக் காரும் இப்படித்தான் என்றார். நாம் நன்றி கூறித் திரும்பினோம்.

இரண்டாவது, ரொயோற்றா ராவ்-4. அடிப்பாகம் சுத்தமாக இருந்தது. நீடித்து உழைக்கும் என்று பெயர் பெற்றமையால் அவ்வகைக்குப் பழைய சந்தையிலும் விலை இறங்குவதில்லை. கேட்ட விலை 13,500 டொலர். எம் கையிலிருந்த தொகைக்கு உட்பட்டதுதானே என்று எண்ணினோம். மருமகன் கணக்குப் போட்டான். ஒன்ராறியோவில் பழைய காருக்கும் நூற்றுக்குப் பதின்மூன்று வரி. ஆகவே 15,255 டொலர். ரயர் வாங்கவும் காசில்லை. அன்றியும், ராவ்-4, ஹொண்டா சி.ஆர்.வி. போன்றவற்றில் முன்சில்லுகள் மட்டும் இழுக்கும் வகையும் உண்டு. நான்கு சில்லும் இழுக்கும் வகையும் உண்டு. வெளித்தோற்றம் ஒன்றே. இது முன்சில்லு இழுக்கும் வகை. உயரமாக இருப்பதெல்லாம் பனிக்குரிய கார் என்று நம்பி வாங்குவோர் இவ்விடத்திலேதான் ஏமாறுகிறார்கள் என்றார் அன்பர்.

மூன்றாவது கார், பாரி நகரிலேயே ஒரு வியாபாரியிடம் நின்ற சுபாறு பொறெஸ்ரர், 2015ஆம் ஆண்டினது. ஓடிய தூரம் 1,62,000 கிலோமீற்றர். விலை 11,500 டொலர். இவ்வகைக் கார்கள் யாவும் நான்கு சில்லும் இழுக்குமாறு அமைந்தவை. அடிவயிறு நிலத்திலிருந்து ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர் உயரம். காரின் நெற்றியில் ஆறு விண்மீன்கள் பொறித்திருக்கக் கண்டு விசாரித்தோம். சுபாறு என்பது யப்பானிய மொழியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் பெயராம். முருகனுக்குப் பாலூட்டிய தாயர் அறுவர் பனிநாட்டுக் காரின் நெற்றியில் நிற்பதைக் கண்டு அக்கா அரைவாசி சம்மதித்துவிட்டார்.

அன்பர் சம்மதிக்கவில்லை. எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போதே தாம் வந்து பார்க்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துவிடுமாம். ஒயிலின் அளவையும் நிறத்தையும் பார்த்தார். பழுதுபார்த்த பற்றுச்சீட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கினார். வெற்றிடத்தில் சுக்கானை முற்றாகத் திருப்பி மெல்ல ஓட்டிச் செவிகொடுத்தார். நான்கு ரயரும் ஒரே வகையாகவும் ஒரே தேய்மானமாகவும் உள்ளனவா என்று அளந்தார். நான்கு சில்லும் இழுக்கும் காரில் ஒரு ரயர் மட்டும் புதிதாயிருந்தால் சுழற்சி வேறுபட்டு உள்ளே பற்சக்கரங்கள் கெடும் என்றார். பின்பு மட்டையை விரித்துக் கீழே படுத்தார். கறள் மேலாகப் படர்ந்திருந்ததே அன்றி உள்ளே இறங்கவில்லை. பின்பிறேக் தட்டு ஒன்று தேய்ந்திருந்தது. அதனை வியாபாரி மாற்றித் தர இசைந்தார்.

இறுதிப் பரீட்சகர் ஜிம்மி. பின்கதவைத் திறந்தோம். தளம் எமது முழங்காலுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. முதலில் பார்த்த பெரிய காரில் அது இடுப்பளவு. கிழவன் இருமுறை முகர்ந்து, முன்னங்கால்களைத் தூக்கி வைத்துவிட்டு எம்மைத் திரும்பிப் பார்த்தான். மருமகன் பின்பாகத்தைத் தாங்க, உள்ளே சென்று, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தான். தளம் மட்டமாகவும் கூரை நிமிர்ந்தும் இருந்தமையால் தலையை உயர்த்தவும் இடமிருந்தது. அக்கா ஒன்றும் பேசாமல் பணப்பையைத் திறந்தார்.

காகிதங்களைப் பற்றியும் சில சொல்லவேண்டும். ஒன்ராறியோவில் தனியாரிடம் பழைய கார் வாங்கினால், விற்பவர் அதன் முந்திய உரிமையாளர் வரலாறு அடங்கிய அரசாங்கத் தகவற் பொதியை வாங்கித் தருதல் வேண்டும். பழைய காரைத் தம் பெயரில் பதிந்து சாலையில் ஓட்டுவதற்குப் பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும். அது 36 நாட்களுக்கே செல்லும். அச்சான்றிதழ் பரிசோதித்த நாளில் கார் குறைந்தபட்ச விதிகளுக்கு அமைந்திருந்தது என்பதையே காட்டும். நாளைக்கும் நன்றாக ஓடும் என்பதற்கு உத்தரவாதம் அன்று. ஆதலால் வேறொரு கண் கொண்டு பார்ப்பிப்பதற்குச் செலவிடும் காசு வீண்காசு ஆகாது.

வரியோடு 12,995 டொலர். மீதியில் முதற் செலவு குளிர்கால ரயர். நான்கு சில்லும் இழுக்கும் காருக்கு அது எதற்கு என்று நாம் வாதாடினோம். மருமகன் விடையளிக்கவில்லை. பனி மூடிய, ஆளில்லாத கார் நிறுத்துமிடம் ஒன்றுக்கு எம்மை அழைத்துச் சென்றான். கார் தங்குதடையின்றிப் புறப்பட்டது. வெற்றிக் களிப்போடு அவனைப் பார்த்தோம். "இனி நிப்பாட்டிறன், மாமா" என்று பிறேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை. விளக்குக் கம்பம் ஒன்றை நோக்கி அமைதியாக வழுக்கிச் சென்று, அதற்கு நெடுந்தூரம் இருக்கும்போதே நல்லவேளையாக ஓய்ந்தது. நான்கு சில்லும் இழுப்பது புறப்படுவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது. எல்லாக் காருக்கும் நான்கு சில்லிலும் பிறேக் உண்டு அல்லவா? நிலத்தைப் பற்றிக்கொள்வது ரயரின் றப்பரே. சாதாரண ரயரின் றப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால ரயரின் றப்பர் கடுங்குளிரிலும் மிருதுவாயிருக்கும். மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனிப்பூவும் பொறித்திருப்பது அதற்கு அடையாளம். அயல் மாகாணமாகிய கியூபெக்கில் மார்கழி முதலாந் திகதி தொடக்கம் பங்குனி 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல், அவற்றைப் பூட்டுவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்கவேண்டும் என்பது அங்குள்ள விதி.

இரும்பு வளையங்களோடு நான்கு ரயருக்கும் 1,150 டொலர் கொடுத்தோம். மறுநாள் அதே இடத்தில், அதே வேகத்தில், அதே பிறேக். விளக்குக் கம்பம் முன்னையிலும் வெகு தொலைவில் நின்றது. கல்லூரியிலே உராய்வு விசையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய காலமெல்லாம் எமக்கு அது உள்ளபடி விளங்கியிருக்கவில்லை போலும்.

அடிப்பாகத்துக்குக் கறள் தடுக்கும் எண்ணெய் விசிற 170 டொலர். குளிரில் பற்றரியின் வலு வெகுவாகக் குறையுமாதலால் பழையதை மாற்ற 200 டொலர். எஞ்சியதில் ஜிம்மிக்கு ஒரு சாய்பலகை, தளத்துக்கு ஒரு றப்பர் விரிப்பு, முன்னே எறியப்படாதபடி மார்போடு பிணைக்கும் பட்டி ஒன்று. திடீரென்று நிறுத்தும்போது முப்பத்துநான்கு கிலோ நாய் முன்னே பாயும் கல்லாகிவிடும். எஞ்சினைக் குளிரில் உறையவிடாது காக்கும் திரவம் இனிப்பாயிருப்பதால் நாய்கள் நக்குமாம். சிறிதளவும் உயிருக்கு ஆபத்து. ஆதலால் கார் நிறுத்துமிடத்தில் பச்சையாகவோ செம்மையாகவோ ஏதும் சிந்தியிருந்தால் உடனே கழுவவேண்டும். சாலையுப்பு பாதங்களை அரிக்கும். வீடு திரும்பியதும் இளஞ்சூட்டு நீரில் துடைக்கவேண்டும். இவ்வளவையும் அக்கா எமக்கு ஒரு பாடம்போல் ஒப்புவித்தார். ஜிம்மியின் நான்கு பாதங்களையும் அவர் வெந்நீர்ச் சீலையால் ஒவ்வொன்றாகத் துடைக்க, நாம் செம்பை ஏந்தி நின்றோம்.

புறப்படுவதற்கு முன்னிரவு பனி கொட்டியது. அக்கா பணிக்குச் செல்லவேண்டியிருந்தது. நாமும் உடன் சென்றோம். இன்னிஸ்பில் செல்லும் கிளைச்சாலையில் முன்பு அவர் அகப்பட்ட இடம் வந்தபோது, கையால் காட்டினார். அங்கே ஒன்றுமில்லை; வேலிக் கம்பமும் வெண்மையுமே. பின்னால் ஜிம்மி பெருமூச்சு விட்டது. கார் மெதுவாக, வழுவாமல் சென்றது.

மகாபாரதத்தில் பாண்டவர் பனிமலை ஏறிய கதை அவ்வேளை எம் உள்ளத்தில் எழுந்தது. தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்தபின் தருமபுத்திரரோடு எஞ்சியது ஒரு நாய். இந்திரன் தேரைக் கொணர்ந்து, நாயை விட்டுவிட்டு ஏறுக என்றபோது, என்னை நம்பி வந்ததை விட்டு ஏறேன் என்று நின்றார் அவர். பல ஆண்டுகளாக மாணவருக்கு இக்கதையைச் சொல்லி, அந்த நாய் தருமதேவதையே என்று முடிவில் வெளிப்படுவதையே பெரிதாக விளக்கிவந்துள்ளோம். நாய் உண்மையில் யார் என்பது தேரின்முன் நின்ற வேளையில் தருமருக்குத் தெரியாது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். எம் தமக்கையாருக்கும் ஜிம்மி நாய்தான். வேறொன்றாக அது இருக்கவேண்டிய தேவையும் அவருக்கில்லை.

ஊர் திரும்பிய இரவு மழை பெய்துகொண்டிருந்தது. எம் வீட்டு நாய் படலையில் எதிர்கொண்டு, படிவரை உடன்வந்து, வழக்கம்போல் அங்கேயே நனைந்தபடி நின்றது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, விறாந்தையின் மூலையில் ஒரு சாக்கை விரித்தோம். அது நம்பாமல் நெடுநேரம் எம்மையே பார்த்தது. பின்பு ஏறி வந்து படுத்துக்கொண்டது.